மூட்டு வலியா? காலையில் கடிகாரத்தைப் பாருங்கள்!

“மேடு ஏறிடுவேன், இறக்கம்தான் உயிர் போகுது!”

கல்வராயன் மலையில் வெள்ளிமலை போன்ற ஊர்களில் மூட்டு வலிக்காரர்கள் படும் பாடு இது. கள்ளக்குறிச்சியில் மாடிப்படி இறங்கும் உங்கள் அம்மாவுக்கும் இதே கதைதான். இறங்கும்போது முழங்கால் சில்லின் மேல் அழுத்தம் அதிகம்.

ஆனால், எல்லா மூட்டு வலியையும் ‘வாதம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோமே, அதுதான் தப்பு!

தேய்மானம்: எலும்பு முனையிலுள்ள குருத்தெலும்பு தேய்வது. 50 வயதுக்கு மேல் அதிகம். காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். நடந்தால் வலி, உட்கார்ந்தால் தணியும்.

முடக்குவாதம்: நம் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவது. 30, 40 வயதுப் பெண்களுக்கும் வரும். இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கும். காலையில் ஒரு மணி நேரமானாலும் விரல் மடங்காது. வேலை செய்யச் செய்ய இளகும். ‘சரியாயிடும்’ என்று தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தால் மூட்டு கோணிவிடும். வீக்கம் சில வாரம் நீடித்தாலே டாக்டரைப் பாருங்கள். ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கினால் மூட்டைக் காப்பாற்றலாம். இதற்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரம் ஒரு நாள் மட்டுமே. தினமும் சாப்பிட்டால் ஆபத்து!

தேய்மானத்துக்கு என்ன செய்யலாம்?

* நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, 5 எண்ணும்வரை நிறுத்தி, இறக்குங்கள். காலுக்கு 10 முறை. தொடைத் தசை வலுத்தால் மூட்டின் சுமை குறையும்.
* உடம்பில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் சுமார் 4 கிலோ குறையும்.
* வலது முழங்காலில் வலியென்றால் கைத்தடி இடது கையில் இருக்கட்டும்.
* குத்துக்காலிட்டு உட்காருவதைக் குறையுங்கள். ஆனால் வலிக்குப் பயந்து நடையை நிறுத்தாதீர்கள்.

பெயர் தெரியாத பொட்டல மாத்திரை வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். வலி மாயமாய் மறையும். எலும்பு பலவீனமாகும், சர்க்கரை ஏறும். வலி மாத்திரையையும் இஷ்டத்துக்கு விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

ஒரே மூட்டு திடீரென்று சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி!

மலையில் இருக்கும் பெரியவர்களுக்கு 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சைக்கு வழி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

நாளைக் காலை கண் விழித்ததும் விரல்களை மடக்கிப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் இளகுகிறது? அதைக் குறித்து டாக்டரிடம் சொல்லுங்கள். பாதி நோயை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்!