பக் என்றால் பூச்சியா, பூச்சாண்டியா?

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் என் தங்கைக்கு வேலை. அவள் வீட்டில் நான் தங்கியிருந்தபோது ஒருநாள் ராத்திரி, ஆபீஸ்காரர்களிடம் போனில், "ரெண்டு பக் மாட்டிடுச்சு, இன்னொண்ணு எங்க ஒளிஞ்சிருக்குன்னே தெரியல" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். அவள் மகன் என் காதோரம் வந்தான். "பெரியம்மா, அம்மா ஆபீஸ்ல கரப்பான் தொல்லையா?"

கேட்க வேண்டிய கேள்விதான். ஆங்கிலப் பேச்சுவழக்கில் எந்தப் பூச்சியும் பக். வயிற்றைக் கலக்கும் கிருமி, ஒட்டுக்கேட்க ஒளித்துவைக்கும் குட்டி மைக், கம்ப்யூட்டர் நிரலில் புகுந்த பிழை (தங்கை தேடியது இதைத்தான்), எல்லாமே பக்தான்.

இடைக்கால ஆங்கிலத்தில் இதைப் போன்ற ஒரு சொல்லுக்குப் பொருள், பயமுறுத்தும் பூதம். நம்ம ஊர் பூச்சாண்டி! பூச்சியைக் குறிக்கும் பக்கும் அதிலிருந்தே வந்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. 'சும்மா பூச்சி காட்டாதே' என்று நாமும் சொல்கிறோமே!

இயந்திரக் கோளாறுக்கு பக் என்ற பெயர் கம்ப்யூட்டருக்கு முன்பே உண்டு. 1878இல் எடிசன் ஒரு கடிதத்தில் அப்படி எழுதியிருக்கிறார். பிறகு 1947 செப்டம்பர் 9. அமெரிக்காவின் ஹார்வர்டில் 'மார்க் 2' என்ற ராட்சதக் கணினி தகராறு செய்தது. அதற்குள் ரிலே என்னும் மின்காந்த சுவிட்சுகள் ஏராளம். இரண்டு உலோகத் துண்டுகள் தொட்டால்தான் மின்சாரம் பாயும். ஒரு ரிலேயில் அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்தது! அதை எடுத்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, 'நிஜமாகவே பக் கிடைத்தது இதுதான் முதல்முறை' என்ற பொருளில் எழுதிவைத்தார்கள். அங்கே பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் இந்தக் கதையைப் பின்னாளில் ஊரெல்லாம் சொன்னார்.

அன்றுதான் இந்தச் சொல்லே பிறந்தது என்பார்கள் பலர். நம்பாதீர்கள். பிழைக்கு பக் என்ற பெயர் ஏற்கெனவே இருந்ததால்தானே 'நிஜமாகவே' என்று கிண்டல் செய்ய முடிந்தது?

இன்னொரு வேடிக்கை. அதே பெங்களூரில், ஹெப்பாளில், பயிர்களோடு தொடர்புள்ள பூச்சிகளை ஆராயும் தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள பூச்சியியலாளர்களைக் கேட்டால், ஊசிபோன்ற வாயால் குத்தி உறிஞ்சுபவைதான் அசல் பக் என்பார்கள். மூட்டைப்பூச்சி, அசுவினி, மாவுப்பூச்சி எல்லாம் அந்தக் கூட்டம். அந்துப்பூச்சியோ வண்ணத்துப்பூச்சியின் உறவு.

"அப்போ, அவங்க ஒட்டிவெச்சது பக்கே இல்லையா?" என்றான், நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பையன். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னான். அவள் இன்னும் மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தாள்.