கூடாரத்தில் முதுகு மட்டும் ஏன் குளிர்கிறது?

இலங்கையின் கம்பளை நகரம் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹோட்டன் சமவெளியோ 2,100 மீற்றருக்கு மேல். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறையும். தை மாதத்து வெளித்த இரவுகளில் நிலம் தன் சூட்டையும் இழக்க, விடியற்காலைப் புல்லில் உறைபனி படிகிறது.

அந்தச் சமவெளியில் கூடாரமடித்துத் தங்கப் போகிறவர்கள் தடித்த போர்வையைத்தான் தேடுகிறார்கள். நான் முதலில் வாங்கச் சொல்வது நுரைப்பாய். சூட்டைக் காப்பது பஞ்சுக்குள் சிக்கிய காற்று. படுத்ததும் முதுகின் கீழுள்ள பஞ்சு நசுங்கி அந்தக் காற்று வெளியேறிவிடும். ஈரநிலம் உடற்சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். மூடிய குமிழ்களுள்ள நுரை அவ்வளவு எளிதில் நசுங்காது.

பருத்தி உள்ளாடை வேண்டாம். வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிரைக் கூட்டும். கம்பளி நல்லது. கூடாரத்தின் காற்றுவழியையும் அடைக்காதீர்கள்: மூச்சின் ஈரம் துணியில் நீராகி, படுக்கையை நனைத்துவிடும்.