சும்மா இருக்கும் செல்போனில் சார்ஜ் இறங்குவது ஏன்?

இரவு படுக்கும்போது செல்போனில் 80 சதம் சார்ஜ் இருக்கிறது. யாரும் அதை எடுத்துப் பேசவில்லை, படம் பார்க்கவில்லை. விடியற்காலையில் எடுத்துப் பார்த்தால் 55 சதம்தான் நிற்கிறது. இக்குறையைச் சொல்லாத விவசாயி இன்று அரிது எனலாம். பட்டணத்தில் இருப்பவருக்கு இது சிறு தொல்லை. சுவரில் உள்ள பிளக்கில் மாட்டினால் தீர்ந்தது. ஆனால் மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து, செல்போனில் இயங்கும் ஸ்டார்ட்டரைக் கொண்டு தோட்டத்து மோட்டாரை ஓட்டுபவருக்கு அப்படியல்ல. நடு இரவில் போன் அணைந்துவிட்டால் அன்றைய முறைத் தண்ணீர் போயிற்று. ஆகவே இதன் காரணத்தை அறிந்து நீக்கிக்கொள்வது அவசியமாகும்.

எவ்வளவு இறங்குவது இயல்பு?

இன்று விற்கப்படும் பெரும்பாலான போன்களில் பேட்டரியின் கொள்ளளவு 5000 மில்லி ஆம்பியர் மணி அளவில் உள்ளது. நல்ல நிலையிலுள்ள போன், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில், 8 மணி நேரம் சும்மா கிடந்தால் ஏறக்குறைய 2 முதல் 5 சதம் வரை இறங்கலாம். 3 சதம் என்று வைத்துக்கொண்டால் 150 மில்லி ஆம்பியர் மணி. அதாவது மணிக்குச் சுமார் 19. மேலே சொன்ன போனில் 25 சதம் இறங்கியிருக்கிறது. அது 1250, மணிக்குச் சுமார் 156. இயல்பைப்போல் எட்டு மடங்கு!

இக்காலத்து லித்தியம் பேட்டரி, போனை முழுவதும் அணைத்து வைத்தால் ஒரு மாதத்தில் ஒரு சில சதமே தானாக இழக்கும். ஆகவே ஒரே இரவில் 25 சதம் போகிறதென்றால் பேட்டரி ஒழுகுகிறது என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. மடை அடைத்த பிறகும் வாய்க்காலில் நீர் குறைந்தால் யாரோ மேலே திருப்பியிருக்கிறார்கள் என்று பார்ப்போமல்லவா? அப்படித்தான் இங்கும் பார்க்க வேண்டும்.

மூன்று இரவுச் சோதனை

கடைக்கு எடுத்துச் செல்லுமுன் இச்சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். செலவில்லை. படுக்கும்போதும் எழும்போதும் சார்ஜ் எத்தனை சதம் என்று குறித்து வைக்க வேண்டும். மூன்று இரவும் போனை ஒரே இடத்தில் வைத்து, ஏறத்தாழ ஒரே அளவு சார்ஜில், 80 அல்லது 90 சதத்தில் தொடங்குவது நல்லது.

முதல் இரவு வழக்கம்போல் விடவும். இரண்டாம் இரவு விமானப் பயன்முறையைப் போட்டு, வைஃபையும் புளூடூத்தும் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்து வைக்கவும். அலாரம் அடிக்கும், ஆனால் அழைப்பு எதுவும் வராது. ஆகவே மின்சார முறை உள்ள இரவிலோ, வீட்டில் உடல்நலம் குன்றியவர் இருக்கும்போதோ இதைச் செய்ய வேண்டாம். மூன்றாம் இரவு விமானப் பயன்முறையை எடுத்துவிட்டு, நெட்டையும் வைஃபையையும் மட்டும் நிறுத்தி வைக்கவும்.

இனி விடையைப் பார்ப்போம். இரண்டாம் இரவில் சார்ஜ் அப்படியே நின்று, மூன்றாம் இரவில் மீண்டும் வேகமாக இறங்கியிருந்தால் குறை பெரும்பாலும் சிக்னலில் உள்ளது. மூன்றாம் இரவிலும் நின்றுவிட்டால், நெட்டைப் பயன்படுத்தி உள்ளே வேலை செய்யும் செயலிகளே காரணம். இரண்டாம் இரவிலும் இறங்கியிருந்தால் நெட் இல்லாமலே விழித்திருக்கும் ஏதோ ஒரு செயலி, அல்லது பேட்டரியே பழுது எனலாம்.

சிக்னல் குறைந்த இடம்

கிராமங்களில் இதுவே பெரும் காரணம் என்பது எனது அனுபவம். பேசாமல் கிடக்கும் போனும் டவருடன் தொடர்பை விடுவதில்லை. தனக்கு அழைப்பு உண்டா என்று சில நொடிகளுக்கு ஒருமுறை செவிகொடுத்துக் கேட்கிறது. டவர் அருகில் இருந்தால் இதற்கு ஆகும் மின்சாரம் மிகச் சொற்பம். டவர் தொலைவில் இருந்தாலோ, இடையில் மேடோ, தகரக் கூரையோ, கெட்டியான சுவரோ இருந்தாலோ, பதில் சொல்லும் ஒவ்வொரு முறையும் போன் தன் சக்தியைக் கூட்டி அனுப்ப வேண்டியுள்ளது. தூரத்து வயலில் நிற்பவரைக் கூப்பிட நாம் குரலை உயர்த்துவது போன்றதே இது. தொடர்பு அடியோடு அறுந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். எல்லா அலைவரிசைகளிலும் மாறி மாறித் தேடிக்கொண்டே இருக்கும்; கிடைக்கும், போய்விடும், மறுபடியும் தேடும். விடியும் வரை இதே வேலை.

இரண்டு சிம் போட்டிருப்பவர்கள் இங்கு தனிக் கவனம் செலுத்த வேண்டும். ஒரு சிம்முக்கு நான்கு கோடு சிக்னல் இருக்கும். மற்றதற்கு நம் ஊரில் டவரே இராது. அந்த இரண்டாவது சிம் இரவெல்லாம் தேடிக்கொண்டிருக்கும். என் போனில் இப்படித்தான் ஆயிற்று. பேட்டரிதான் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிது மாற்றினேன். மறுநாள் காலையில் அதே 55 சதம்! பிறகுதான் வேறு ஊரில் வேலை பார்த்தபோது வாங்கிய பழைய சிம்மை அணைத்துப் பார்த்தேன், குறை நின்றது. பேட்டரிக்குக் கொடுத்த பணம் வீண். அமைப்புகளில் சிம் பகுதிக்குச் சென்றால், சிம்மைக் கழற்றாமலே அணைத்து வைக்கலாம். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி அந்த எண்ணுக்கு வருமானால் தேவைப்படும்போது மட்டும் இயக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது 5ஜி. நம் நாட்டில் 2022 அக்டோபரில் இச்சேவை தொடங்கியது. டவரின் எல்லையோரத்தில் உள்ள ஊர்களில் 5ஜி ஒரு நேரம் கிடைத்து, ஒரு நேரம் போய்விடும். போன் 4ஜிக்கும் 5ஜிக்கும் தாவிக்கொண்டே இருக்கும். இத்தகைய இடங்களில் நெட்வொர்க் வகையை 4ஜி என்று மாற்றி இரண்டு இரவு பார்க்கலாம். பேசுவதற்கோ சந்தை விலை பார்ப்பதற்கோ 4ஜி தாராளமாகப் போதும்.

இவை எதுவும் இயலாவிடில் போனை வைக்கும் இடத்தையாவது மாற்ற வேண்டும். இரும்புப் பீரோவின் மேலும் அறையின் மூலையிலும் வைப்பதை விட்டு, சன்னலோரத்தில் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

உள்ளே விழித்திருக்கும் செயலிகள்

அமைப்புகளில் பேட்டரி என்ற பகுதியைத் திறந்தால், எந்தச் செயலி எத்தனை சதம் செலவழித்தது என்ற பட்டியல் இருக்கும். போனுக்குப் போன் பெயர் சற்று மாறலாம். இரவில் நாம் தொடாத செயலி அப்பட்டியலின் மேலே நின்றால் அதுவே திருடன்.

2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், அசையாமல் கிடக்கும் போன் தானே உறங்கும் ஏற்பாடு உள்ளது. செயலிகளின் வேலைகளை ஒத்திவைத்து, இடையிடையே சிறிது நேரம் மட்டும் அனுமதிக்கும். அழைப்பும் குறுஞ்செய்தியும் இதனால் தடைபடா. ஆயினும் ஓயாமல் இருப்பிடம் கேட்கும் செயலிகள், படங்களைப் பிரதி எடுத்து மேலே அனுப்புபவை, விளம்பரம் நிறைந்த விளையாட்டுகள் ஆகியன போனைச் சரியாக உறங்க விடுவதில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் வரும் படங்களும் வீடியோக்களும் தாமாக இறங்காதபடி நிறுத்தலாம். தேவையற்ற செயலிகளை நீக்கிவிடுவதே மேல். வைத்துக்கொள்ள வேண்டியவற்றுக்குப் பின்னணியில் இயங்கும் அனுமதியைக் கட்டுப்படுத்தலாம்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கட்டிப்போடுவது தவறு. மோட்டார் ஸ்டார்ட்டர் செயலியைக் கட்டுப்படுத்தினால் மின்சாரம் வந்த செய்தி காலையில்தான் வந்து சேரும். இடி மின்னல் எச்சரிக்கை தரும் ‘தாமினி’ செயலிக்கு இருப்பிடம் தெரிந்தால்தான் நம் வயலருகே மின்னல் உண்டா என்று சொல்ல முடியும். கோடை மழைக் காலத்தில் அதன் இருப்பிட அனுமதியை எடுப்பது, சில சதம் சார்ஜுக்காக உயிரைப் பணயம் வைப்பதாகும். சில போன்களில் பேட்டரி சேமிப்பு முறையே அளவுக்கு மீறி இத்தகைய செயலிகளை நிறுத்திவிடுகிறது. அவற்றுக்கு மட்டும் கட்டுப்பாடு இல்லை என்று அமைத்துக்கொள்ள வேண்டும்.

பேட்டரியை மிச்சப்படுத்துவதாகவும் நினைவகத்தைச் சுத்தம் செய்வதாகவும் கூறும் செயலிகளை நம்ப வேண்டாம். அவையே விழித்திருந்து சார்ஜைத் தின்னும். திறந்த செயலிகளை அடிக்கடி தள்ளி மூடும் பழக்கமும் பயன் தராது; மூடியவற்றுள் பல மீண்டும் தொடக்கத்திலிருந்து கிளம்பும்போது கூடுதல் மின்சாரமே செலவாகும்.

பேட்டரியே பழுதானால்

பேட்டரிக்கும் வயதுண்டு. பல பேட்டரிகள் 500 முறை முழுதாக ஏறி இறங்கிய அளவில், கொள்ளளவில் 80 சதத்தை ஒட்டி வந்துவிடுகின்றன. 40 சதத்திலிருந்து திடீரென 15-க்கு விழுவது, 20 சதம் காட்டும்போதே அணைந்து போவது ஆகியவை முதிர்ந்த பேட்டரியின் அடையாளங்கள். அப்போது மாற்றத்தான் வேண்டும்.

வயதை விரைவுபடுத்துவது வெப்பம். டிராக்டரின் முன்பலகை, வெயில் படும் வரப்பு, மோட்டார் அறையின் தகரத்தடி ஆகிய இடங்களில் போனை வைக்கலாகாது. சார்ஜ் ஏறும்போது தலையணைக்கடியில் வைப்பதும் கூடாது. முழுவதும் தீர்ந்த பிறகே ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளுக்குச் சொல்லப்பட்டது. லித்தியம் பேட்டரிக்கு அது பொருந்தாது. இடையிடையே ஏற்றிக்கொள்வதே நன்று.

போனின் பின்புறம் புடைத்துக்கொண்டு மூடி விலகினால் சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்திவிட வேண்டும். அதை அழுத்தவோ ஊசியால் குத்தவோ கூடாது; தீப்பிடிக்கும். கழற்றிய பேட்டரியைக் குப்பைக் குழியிலும் எருக்குழியிலும் போடாமல், மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் அல்லது பழுது பார்க்கும் கடையில் கொடுத்துவிடவும்.