மானம் அறியாத எந்திர மனிதன்!

எந்திரத்துக்கு ஆணையிட்டால் செய்யும். ஆனால், தான் செய்வது என்ன என்று அதற்குத் தெரியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட தமிழ்ப் படம் "எந்திரன்". 2010-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி வெளிவந்தது. ரஜினிகாந்த் இரண்டு வேடங்களில் நடித்தார். ஒன்று, விஞ்ஞானி வசீகரன். மற்றொன்று, அவர் உண்டாக்கிய எந்திர மனிதன் "சிட்டி". கதாநாயகி ஐஸ்வர்யா ராய். டைரக்டர் ஷங்கர்.

படம் வந்த நாளில் எல்லோரும் அதன் செலவைப் பற்றியே பேசினார்கள். தந்திரக் காட்சிகளைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். இன்று நிலைமை வேறு. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதும் செயற்கை அறிவு செல்போனிலேயே வந்துவிட்டது. இந்த நேரத்தில் "எந்திரன்" படத்தை மறுபடி பார்த்தால், அதில் எது பொன், எது பித்தளை என்று தெளிவாகத் தெரிகிறது.

அதைத் தெரிந்துகொள்ள, முதலில் ஒரு தறியைப் பார்க்க வேண்டும்.

தறிக்கு மேலே ஒரு மூளை

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிக்குத் தெற்கே இருக்கிறது சேத்துப்பட்டு. லூர்து மாதா ஆலயத்தால் பலருக்கும் தெரிந்த ஊர். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் வட்டாரம் இது.

பட்டுத் தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். "ஜக்கார்டு பெட்டி" என்று பெயர். துளை போட்ட அட்டைகள் அதில் மாலை மாதிரி தொங்கும். நெசவாளி மிதியை மிதிப்பார். ஓர் அட்டை நகரும். துளைக்குத் தக்கபடி சில பாவு நூல்கள் மேலே எழும்பும். மற்றவை அப்படியே கிடக்கும். நடுவில் நாடா ஓடும். இப்படியே அட்டை அட்டையாக நகர்ந்து, கடைசியில் முந்தியில் ஒரு மயில் வந்து நிற்கும்.

மயில் என்றால் என்னவென்று அட்டைக்குத் தெரியுமா? தெரியாது. ஒரு துளை தப்பாக விழுந்துவிட்டால், அந்த அட்டை வரும்போதெல்லாம் அதே தப்பு வரும். பத்து மயிலுக்கும் கழுத்து கோணும். அட்டைக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. நெசவாளியின் கண்தான் பிழையைப் பிடிக்க வேண்டும்.

பிரான்சு நாட்டில் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார் என்பவர் 1804-ம் ஆண்டில் இந்தக் கருவிக்கு உரிமை பெற்றார். இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்ற கணித மேதை, 1830-க்குப் பிறகு, பெரிய கணக்கு எந்திரம் ஒன்றுக்குத் திட்டம் போட்டார். எந்திரத்துக்கு ஆணை கொடுக்க அவர் எடுத்துக்கொண்டது இந்தத் தறியின் துளை அட்டையைத்தான்! கம்ப்யூட்டரின் முன்னோர்களில் ஒன்று பட்டுத் தறி என்றால் அது மிகையல்ல.

தீயில் ஒரு பெண்

இனி சினிமாவுக்கு வருவோம்.

சிட்டி புத்தகத்தைப் புரட்டினாலே பாடம் ஏறிவிடும். சமைக்கும். சண்டை போடும். ஆயினும் போரா என்ற மூத்த விஞ்ஞானி (டேனி டென்சோங்பா) அதற்கு அனுமதி தர மறுக்கிறார். ஒரு கத்தியைக் கொடுத்து, உன்னைச் செய்தவரையே குத்து என்று ஆணையிடுகிறார். சிட்டி துணிந்துவிடுகிறது! ஆணை என்றால் ஆணைதான். படத்தில் மிகவும் நியாயமான சோதனையைச் செய்பவர் வில்லன் என்பது ஒரு வேடிக்கை.

பிறகு ஓர் அடுக்கு மாடி வீடு தீப்பற்றி எரிகிறது. சிட்டி உள்ளே பாய்கிறது. ஒவ்வொருவராகத் தூக்கி வந்து காப்பாற்றுகிறது. கடைசியில் ஓர் இளம் பெண். குளித்துக்கொண்டிருந்தவள். "வேண்டாம்" என்று கெஞ்சுகிறாள். சிட்டி கேட்கவில்லை. ஆடையில்லாமல் இருந்தவளை அப்படியே தூக்கி வந்து, ஊர் முன்னால், டெலிவிஷன் காமிரா முன்னால் நிறுத்திவிடுகிறது.

அவள் மானத்துக்கு அஞ்சி ஓடுகிறாள். வண்டியில் அடிபட்டுச் சாகிறாள்.

சிட்டி செய்தது என்ன தப்பு? உயிரைக் காப்பாற்று என்றார்கள், காப்பாற்றியது. அட்டையில் துளை போட்டபடி நூல் எழும்பியது, அவ்வளவுதான். மானம் என்ற துளையை யாரும் போடவில்லை.

தமிழ் சினிமாவில் எந்திரத்தைப் பற்றி இவ்வளவு ஆழமான காட்சி வேறு இல்லை. இதற்குப் பெரிய தந்திரக் காட்சி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு போர்வை தேவைப்பட்டது. அது எந்திரத்துக்குத் தோன்றவில்லை.

வசனத்தில் எழுத்தாளர் சுஜாதாவுக்கும் பங்கு உண்டு. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஓட்டுப் போடும் எந்திரம் உருவானதில் பங்குகொண்டவர். "என் இனிய இயந்திரா" கதையில் "ஜீனோ" என்ற எந்திர நாயைப் பேச வைத்தவர். எந்திரத்தின் குணம் தெரிந்தவர். 2008-ம் ஆண்டு பிப்ரவரியில் காலமானார். படத்தைப் பார்க்க அவர் இல்லை. ஷங்கரும் மதன் கார்க்கியும்கூட வசனத்தில் பங்குகொண்டார்கள்.

காதல் வந்தது, கேள்வி போயிற்று

தீ விபத்துக்குப் பின் வசீகரன் என்ன செய்கிறார்? மனித குணங்களை எல்லாம் சிட்டிக்குக் கற்றுக்கொடுக்கிறார். ஒரு நாள் சிட்டிக்குக் கோபம் வருகிறது. நாயகியின் அக்காளுக்குச் சிக்கலான பிரசவம். சிட்டி தாயையும் சேயையும் காப்பாற்றுகிறது. மகிழ்ச்சியில் நாயகி ஒரு முத்தம் தருகிறாள். போதாதா? காதல்!

இங்கேதான் படம் வழி தவறுகிறது.

மானம் என்றால் என்ன என்று எந்திரத்துக்குப் புரிய வைக்க முடியுமா என்பதுதான் கேள்வியாக இருந்தது. பதில் வரவில்லை. அதற்குப் பதில், ஒரு பெண்ணுக்காக இருவர் மோதும் பழைய கதை வந்துவிட்டது. வசீகரன் சிட்டியை வெட்டிக் குப்பையில் போடுகிறார். போரா அதை எடுத்து, அழிவு வேலைக்கான சிவப்புச் சில்லைப் பொருத்துகிறார். பிறகு சிட்டியைப் போலவே நூற்றுக்கணக்கான சிட்டிகள்! உருண்டையாக உருள்கிறார்கள். பாம்பாக நெளிகிறார்கள். மலை போன்ற அரக்கனாக எழுகிறார்கள். கண்ணுக்கு விருந்து, சந்தேகமில்லை. தந்திரக் காட்சிகளுக்கு ஸ்ரீநிவாஸ் மோகனும், அரங்க அமைப்புக்கு சாபு சிரிலும் தேசிய விருது பெற்றார்கள். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் யோசிக்க ஒன்றும் இல்லை. கொசுவைத் துரத்தும் காட்சியை வெட்டியிருந்தால் யாரும் அழுதிருக்க மாட்டார்கள்.

ஏ.ஆர்.ரகுமானின் பாட்டுகள் காதுக்கு இனிமை. "கிளிமஞ்சாரோ" மலை இருப்பது ஆப்பிரிக்காவில். அந்தப் பாட்டை எடுத்தது தென் அமெரிக்காவில், பெரு நாட்டில்! பாட்டுக்குப் பூகோளம் கிடையாது போலும்.

ரஜினிகாந்தின் நடிப்பைச் சொல்லாமல் விடக்கூடாது. குழந்தை மாதிரி விழிக்கும் சிட்டி, கண்ணில் வஞ்சம் ஏறிய சிட்டி. இரண்டும் வேறு வேறு ஆள். கெட்டுப்போன சிட்டியைத்தான் ரசிகர்கள் அதிகம் கொண்டாடினார்கள். அப்பாவி வசீகரன் இருவருக்கும் நடுவில் மங்கிப்போனார்.

வேலைக்காரன் கதி

இன்னொரு குறையும் உண்டு. நெசவாளர் ஊரில் இதுதான் முதலில் உறைக்கும்.

"ரோபோ" என்ற சொல் செக் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. கட்டாய உழைப்பு என்று பொருள். காரல் சாப்பெக் 1920-ம் ஆண்டு எழுதிய நாடகத்தில்தான் இந்தச் சொல் முதலில் வந்தது. அந்த நாடகத்தில் எந்திர மனிதர்கள் தொழிலாளிகள். மனிதன் செய்த வேலையை எல்லாம் அவர்கள் செய்கிறார்கள். அதாவது, எந்திர மனிதன் பிறந்த அன்றே அவனோடு வேலைப் பிரச்சினையும் பிறந்துவிட்டது.

"எந்திரன்" படத்தில் வசீகரனுக்கு இரண்டு உதவியாளர்கள். சந்தானமும் கருணாசும் நடித்தார்கள். சிட்டி வந்த பிறகு இவர்களை மதிப்பார் இல்லை. பொறாமைப்பட்டு ஏதேதோ செய்கிறார்கள். தியேட்டரில் சிரிப்பு. ஆனால் இவர்கள் பிழைப்பு என்ன ஆகும் என்று படம் ஒரு நிமிடம்கூட நின்று பார்க்கவில்லை.

தறிக்காரருக்கு இது சிரிப்புச் சங்கதி அல்ல. ஜக்கார்டு பெட்டி வந்தபோது, நூலைத் தூக்கிவிடும் துணை ஆளின் வேலை போயிற்று. பிறகு விசைத்தறி வந்தது. பட்டுச் சேலை போன்ற சில ரகங்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்கி 1985-ம் ஆண்டு சட்டம் போட வேண்டியதாயிற்று. இப்போது அட்டையே இல்லாத மின்னணு ஜக்கார்டு வந்திருக்கிறது. டிசைன் கம்ப்யூட்டரிலிருந்து நேராகப் பெட்டிக்குப் போகிறது. அட்டையில் துளை போட்டவர்? டிசைன் வரைந்தவர்? 2022-ம் ஆண்டு நவம்பரில் "சாட்ஜிபிடி" வந்தது. அதற்குப் பின் வந்தவை, வாயால் சொன்னாலே மயிலும் மாங்காயும் வரைந்து கொடுக்கின்றன. இந்த எந்திரங்கள் யாரையும் காதலிக்கவில்லை. ஒரு கார் கண்ணாடியைக்கூட உடைக்கவில்லை. சத்தமில்லாமல் வேலைக்கு வந்துவிட்டன.

தீ விபத்துக் காட்சியை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இன்றைய செயற்கை அறிவு, கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று ஊகித்து எழுதுகிறது. சில சமயம் பொய்யையும் மெய் போலவே, கொஞ்சமும் தயங்காமல் சொல்கிறது. கழுத்து கோணிய மயில்தான் அது! பார்த்துத் திருத்த ஒரு கண் வேண்டும்.

குழந்தைகளுக்குக் காட்டலாமா?

காட்டலாம். ஏறத்தாழ 3 மணி நேரப் படம். கடைசிப் பகுதியில் துப்பாக்கிச் சூடும் சாவும் நிறைய. சிறு பிள்ளைகள் பயப்படக்கூடும். தீ விபத்துக் காட்சி வரும்போது பெரியவர்கள் பக்கத்தில் இருப்பது நல்லது. அந்தப் பெண் ஏன் ஓடினாள் என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

2018-ம் ஆண்டு நவம்பரில் இரண்டாம் பாகம் "2.0" வந்தது. அதில் சிட்டிக்கு எதிரி ஒரு பறவை மனிதன். செல்போன்கள் எல்லாம் கூட்டமாக வானில் பறக்கின்றன. சிட்டி மறுபடி சண்டைக்கு வருகிறது. ஆடையில்லாத பெண்ணுக்குப் போர்வை எடுத்துக் கொடுக்க அது இதற்குள் கற்றுக்கொண்டதா என்று அந்தப் படத்திலும் யாரும் கேட்கவில்லை.