தேர்வு முடிவும் இளம் மனமும்

மே மாதம் பிறந்துவிட்டால் செஞ்சிக் கடைத்தெருவில் வெயிலைப் பற்றிய பேச்சுக் குறைந்து, தேர்வு முடிவைப் பற்றிய பேச்சு மிகுந்துவிடுகிறது. “உங்கள் வீட்டுப் பெண் எவ்வளவு?” என்பதே எங்கும் கேள்வி. எவ்வளவு என்றால் மதிப்பெண் என்று நம் ஊரில் எல்லாருக்கும் விளங்கும். உயரத்தையோ எடையையோ யாரும் கேட்பதில்லை.

2025-ஆம் ஆண்டு மே 16 அன்று பத்தாம் வகுப்பு முடிவு வெளியாயிற்று. தமிழ்நாட்டில் தேர்வு எழுதியோர் 8,71,239 பேர். வெற்றி பெற்றோர் 8,17,261 பேர். நூற்றுக்கு 93.80 என்று செய்தித்தாள்கள் பெரிய எழுத்தில் அச்சிட்டன. நாங்கள் ஒரு கழித்தல் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மீதி 53,978 பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, நம் செஞ்சிப் பேரூராட்சியில் கைக்குழந்தை முதல் தாத்தா பாட்டி வரை அனைவரையும் கூட்டினாலும் அத்தனை பேர் தேற மாட்டார்கள்.

இக்கட்டுரையை எழுதும் நாங்கள் வரும் மார்ச்சில் அத்தேர்வை எழுத இருப்பவர்கள். தேர்வில் வெற்றி பெறுவது எப்படி என்று ஆண்டு மலரில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது எழுதிவிடுகிறார்கள். ஆகவே நாங்கள் வேறொன்றைத் தேடிப் படித்தோம். வெற்றி பெறாத பெண்ணின் மனத்தில் அன்று காலை என்ன நிகழ்கிறது? அவளுக்கென்று நம் மாநிலத்தில் யார் என்ன செய்திருக்கிறார்கள்?

சொல்லக் கூசினாலும் சொல்லத்தான் வேண்டும். முடிவு வெளியாகும் நாட்களில் சில பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தியும் நம் நாட்டில் வருகிறது. அவர்களில் தேர்ச்சி பெற்றும், எதிர்பார்த்த மதிப்பெண் வராதவர்களும் உண்டு. செய்தியைப் படித்துவிட்டு, “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தைரியம் இல்லை” என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். இது தைரியத்தைப் பற்றிய விஷயம் அன்று. இத்தகைய துயரத்துக்கு ஒரே ஒரு காரணம் இருப்பதில்லை என்று மனநல மருத்துவர்கள் கூறுகின்றனர். வீட்டில் சண்டை, கடன், அவமானம், யாருக்கும் தெரியாத நோய் எனப் பல பாரங்கள் முன்பே ஏறியிருக்கும். தேர்வு முடிவு கடைசியாக வந்து ஏறுகிறது. வெளியில் இருப்பவர் கண்ணுக்கு அது ஒன்று மட்டுமே தெரிகிறது.

பதின்மூன்று முதல் பத்தொன்பது வரையிலான வயதில் மூளையும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதை அறிந்து எங்களுக்கு வியப்பு உண்டாயிற்று. உயரம் நின்றுவிட்டால் வளர்ச்சி நின்றுவிட்டது என்றல்லவா நினைத்திருந்தோம்! நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதிதான் பின்விளைவை எண்ணிப் பார்ப்பது, ஆத்திரத்தை அடக்குவது, நாளைக்கென்று திட்டமிடுவது ஆகிய வேலைகளைச் செய்கிறது. அது முழு முதிர்ச்சி அடைய ஏறத்தாழ இருபத்தைந்து வயது ஆகிறது. கோபம், அச்சம், வெட்கம் ஆகியவற்றை எழுப்பும் பகுதிகளோ அதற்கு முன்பே முழு வேகத்தில் இயங்கத் தொடங்கிவிடுகின்றன. (1714-ல் ஆற்காட்டு நவாபின் பெரும்படையை ஒரு சிறு படையுடன் எதிர்த்து மாண்ட நம் தேசிங்கு ராஜனுக்கு வயது இருபத்திரண்டு என்பார்கள். ராஜகிரியைப் பார்க்கும்போதெல்லாம் அவன் வீரத்தைப் பேசுகிறோம். சற்றுப் பொறு என்று சொல்லி அவனை இருத்திவைக்க அருகில் யாரேனும் இருந்தார்களா என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். வகுப்பில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.) ஆகையால் இந்த வயதில் ஒரு துன்பம் வந்தால், அது என்றைக்கும் தீராது என்றே மனம் சொல்லும். அப்படிச் சொல்வது பொய் என்று எடுத்துக்காட்ட வெளியிலிருந்து ஓர் ஏற்பாடு வேண்டும்.

அத்தகைய ஏற்பாடு ஒன்று தமிழ்நாட்டில் உள்ளது. அதுதான் துணைத் தேர்வு. முன்பெல்லாம் மார்ச்சில் தவறியவர்கள் செப்டம்பர், அக்டோபர் வரை காத்திருந்து மீண்டும் எழுதுவார்கள். அதில் வெற்றி பெற்றாலும் பள்ளிகளில் சேர்க்கை முடிந்திருக்கும். ஓர் ஆண்டு போய்விடும். ஆண் பிள்ளைக்கு ஓர் ஆண்டு போனால் ஓர் ஆண்டுதான் போகும். பெண் பிள்ளைக்கு அப்படியா? சும்மா வீட்டில் இருக்கிறாளே என்று மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள். அல்லது கம்பெனி வேனில் ஏற்றிவிடுவார்கள். அந்த ஓர் ஆண்டில் படிப்பே நின்றுபோன அத்தைமார், சித்திமார் எங்கள் வகுப்பில் பலருடைய வீடுகளில் இருக்கிறார்கள்.

2000-க்குப் பின் வந்த ஆண்டுகளில் இந்த நிலை மாறியது. முடிவு வெளியான சில வாரங்களிலேயே தவறிய பாடங்களை மட்டும் எழுதி, அதே ஆண்டில் மேல்வகுப்பில் சேர வழி செய்யப்பட்டது. 2025-ல் முடிவு மே 16-ல் வந்தது. பத்தாம் வகுப்புத் துணைத் தேர்வு ஜூலை 4-ல் தொடங்கியது. இடையில் ஏழே வாரம்! இந்த ஏற்பாடு வேண்டும் என்று அரசிடம் எடுத்துச் சொன்னவர்களுள் முக்கியமானவர் சென்னையைச் சேர்ந்த மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். ஒரு டாக்டர், மாத்திரை எழுதித் தருவதோடு நில்லாமல், தேர்வு அட்டவணையை மாற்றுங்கள் என்று கேட்டது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. கலங்கி நிற்கும் பெண்ணிடம் “கவலைப்படாதே” என்று நூறு முறை சொல்வதைவிட, “ஜூலையில் எழுதலாம், ஆகஸ்டில் பதினோராம் வகுப்பில் உட்காரலாம்” என்று ஒரு முறை சொல்வது மேல். ஆனால் இந்தச் செய்தி நம் பக்கத்துக் கிராமங்களில் எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? எங்கள் வகுப்புத் தோழியரிடமே கேட்டுப் பார்த்தோம். பாதிப் பேர் வீட்டில் தெரியவில்லை.

2017-ல் மற்றொரு மாற்றம் வந்தது. அதுவரை மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று ரேங்க் பட்டியல் வெளியிடும் வழக்கம் இருந்தது. மாணவர்களின் மன உளைச்சலைக் கருதி அவ்வாண்டு முதல் தமிழக அரசு அதனை நிறுத்திவிட்டது. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வும் 2025-26 கல்வியாண்டு முதல் நீக்கப்பட்டுள்ளது. ரேங்க் போனது சிலருக்கு வருத்தம்தான். நன்றாகப் படிக்கும் பிள்ளையின் பெயர் பேப்பரில் வந்தால் என்ன தவறு என்று கேட்கிறார்கள். தவறில்லை. ஆனால் பட்டியல் நின்றாலும் ஒப்பிடும் பழக்கம் நின்றதா? இப்போது முடிவு அப்பாவின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. அது அடுத்த நிமிடமே மாமா, பெரியப்பா, பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லார் கைபேசிக்கும் போய்விடுகிறது. தன் மதிப்பெண்ணைக் கடைசியாக அறிந்துகொள்பவள் சில வேளைகளில் அந்தப் பெண்ணேதான்.

டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் ‘சினேகா’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். வாழ்வில் நம்பிக்கை இழந்தவர்கள் தொலைபேசியில் அழைத்தால், பயிற்சி பெற்ற தொண்டர்கள் பேசுகிறார்கள். இல்லை, பேசுகிறார்கள் என்பதைவிடக் கேட்கிறார்கள் என்பதே பொருந்தும். அவர்கள் குற்றம் சொல்வதில்லை, உபதேசம் செய்வதில்லை, கேட்டதை வெளியில் சொல்வதில்லை. இது உலகின் பல நாடுகளில் நடைபெறும் ஒரு தொண்டு. இதன் தொடக்கக் கதை எங்களைப் போன்ற பெண்களைப் பற்றியது என்பதால் இங்கே சொல்கிறோம்.

இங்கிலாந்தில் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குரு இருந்தார். 1935-ல் இளம் குருவாக அவர் நடத்திய முதல் அடக்கச் சடங்கு, தன் உயிரை மாய்த்துக்கொண்ட பதினான்கு வயதுப் பெண்ணுக்குரியது. அவளுக்கு ஒரு நோயும் இல்லை. பருவம் எய்தியபோது எல்லாப் பெண்களுக்கும் உண்டாகும் இயற்கையான மாற்றத்தை, ஏதோ வெட்கக்கேடான கொடிய நோய் என்று எண்ணிவிட்டாள். கேட்க ஆள் இல்லை. அந்தச் சாவு அவர் மனத்தை விட்டு அகலவேயில்லை. 1953 நவம்பரில் லண்டனில் தம் கோவிலிலேயே ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, துயரத்தில் இருப்போர் யாரும் அழைக்கலாம் என்று அறிவித்தார். கூட்டம் பெருகிற்று. அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து உடன் உட்கார்ந்திருக்கச் சில தொண்டர்கள் முன்வந்தனர். சில நாட்களில் அவர் ஒரு புதுமையைக் கண்டார். தேநீர் குடித்துக்கொண்டே மனத்தில் உள்ளதைத் தொண்டர்களிடம் கொட்டித் தீர்த்தவர்களுள் பலர், இனி குருவைப் பார்க்க வேண்டியதில்லை என்று எழுந்து போய்விட்டார்களாம்! அடுத்த ஆண்டு அந்தப் பணியையே அவர் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். ஆக, ஒரு டம்ளர் டீயும் குறுக்கே பேசாத ஒரு காதும் போதுமான நேரங்கள் பல உண்டு. அவற்றுக்குப் படிப்புத் தேவையில்லை. நம் ஊரில் டீக்கும் பஞ்சமில்லை. குறுக்கே பேசாத காதுக்குத்தான் பஞ்சம்.

எல்லாத் துயரமும் டீயால் தீருமா? தீராது. மனநோய்களில் பாதி பதினான்கு வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 10 முதல் 19 வயதுக்கு உட்பட்டோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறையால் வருந்துகின்றனர் என்றும் அது சொல்கிறது. நாற்பத்திரண்டு பேர் உள்ள ஒரு வகுப்பில் ஆறு பேர்! வாயாடியாக இருந்தவள் வாய் மூடிப் போகிறாள். மதியச் சோற்று டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். தலைவலி, வயிற்றுவலி என்று அடிக்கடி லீவு போடுகிறாள், டாக்டரோ ஒன்றும் இல்லை என்கிறார். எதற்கெடுத்தாலும் சீறுகிறாள். இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் திமிர் என்றோ சோம்பல் என்றோ தள்ளிவிடக் கூடாது. காத்துக் கருப்பு பட்டுவிட்டது என்று சொல்லி அமாவாசை இரவில் மேல்மலையனூருக்கு அழைத்துப் போவோர் நம் பக்கத்தில் உண்டு. அவரவர் நம்பிக்கையை நாங்கள் குறை கூறவில்லை. போகட்டும், ஆனால் மருத்துவரிடமும் போகட்டும். முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காய்ச்சலுக்குப் போவது போல் அங்கும் போகலாம்.

உறக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதில் மட்டும் அம்மாக்களோடு சற்று மாறுபடுகிறோம். எங்கள் வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். பகலில் படித்தது மூளையில் படிவதே தூக்கத்தில்தான். மேலும் இந்த வயதில் உடலின் கடிகாரம் இயல்பாகவே சற்றுப் பின்தங்கி, இரவில் தூக்கம் நேரம் கழித்தே வருகிறது. தண்ணீர் பிடித்து, பாத்திரம் துலக்கி, தம்பியைத் தூங்க வைத்துவிட்டுப் பதினொரு மணிக்குப் படுக்கும் பெண்ணை, “எழுந்து படி” என்று நான்கு மணிக்கு எழுப்பினால் ஐந்து மணி நேரம்தான் ஆகிறது. தேர்வு மாதத்தில் பாத்திரம் துலக்கும் வேலையை அண்ணனும் செய்யலாமே!

தோழியரே, உங்களிடம் ஒன்று. ஒருத்தி தனக்கு வாழவே பிடிக்கவில்லை என்று உங்களிடம் சொன்னால், விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிடாதீர்கள். “சாக வேண்டும் போல் இருக்கிறதா?” என்று நேராகக் கேட்கலாம். அவ்வாறு கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்றும், கேட்டதே ஆறுதல் ஆகும் என்றும் மனநல மருத்துவர்கள் கூறுகின்றனர். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாலும், அந்த ஒரு சத்தியத்தை மட்டும் மீறி, அன்றைக்கே ஆசிரியையிடமோ பெற்றோரிடமோ சொல்லிவிடுங்கள். அதுவரை அவளைத் தனியே விடாதீர்கள்.

எங்கள் வகுப்பில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். முடிவு வரும் காலையில் பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பெண்கள் மும்மூன்று பேராக ஒருவர் வீட்டில் கூடுவது, மூன்று பேருடைய முடிவும் தெரியும் வரை யாரும் பிரிந்து போகாதிருப்பது, முதல் கேள்வியாக மதிப்பெண்ணைக் கேட்காதிருப்பது. துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முறையைச் சிஸ்டர் ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே தாளில் இந்த எண்களும் இருக்கும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. அதில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104, குழந்தைகள் உதவி எண் 1098, சினேகா 044-24640050. கைபேசி இல்லாத விடுதி மாணவியர் அலுவலக அறைத் தொலைபேசியில் பேசலாம். யாரிடம் பேசப் போகிறாய் என்று அங்கே கேட்க மாட்டார்கள்.