மோட்டார் ஏன் கிளம்ப மறுக்கிறது?

வளாகத்தில் வாழும் மாணவருக்கு மோட்டார் ஆடம்பரப் பொருள் அன்று. விடுதியிலிருந்து விரிவுரை மண்டபம், அங்கிருந்து நூலகம், மாலையில் பகுதி நேர வேலை, தீபாவளி விடுமுறைக்கு வீடு என எல்லாவற்றுக்கும் அதுவே துணை. அந்தத் துணை தேர்வு நாள் காலையில் கிளம்ப மறுத்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

நான் மின்பொறியியல் மூன்றாமாண்டு மாணவன். நீண்ட விடுமுறைகளில் குளுவாங்கில் இருக்கும் என் மாமாவின் பட்டறையில் உதவிக்கு நிற்பேன். அதனால் விடுதியில் யாருடைய மோட்டார் மக்கர் செய்தாலும் என் அறைக் கதவைத்தான் தட்டுவார்கள். "அண்ணே, நேத்து நல்லாத்தான் ஓடுச்சு. பேட்டரி மாத்தணும் போல" என்பார்கள். பேட்டரியை மாற்றத்தான் வேண்டுமா என்பதைக் கண்டறியும் முறையையே இக்கட்டுரையில் பகிர விரும்புகிறேன்.

முதலில் காது கொடுங்கள்

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியதும் கேட்கும் ஓசையே முதல் தடயம்.

1. ஓசையே இல்லை, மீட்டர் விளக்கும் எரியவில்லை: மின்சாரம் எங்கோ தடைப்பட்டுள்ளது. பியூஸ், பேட்டரி முனைகள், சாவித் துவாரத்தின் இணைப்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

2. மீட்டர் விளக்கு நன்றாக எரிகிறது, ஓசை மட்டும் இல்லை: ஸ்டார்ட் பொத்தான், பிரேக் சுவிட்சு, பக்கவாட்டு ஸ்டாண்டு சுவிட்சு இவற்றில் ஒன்று காரணமாகலாம். சில வகை மோட்டார்களில் பிரேக்கைப் பிடித்தால்தான் ஸ்டார்ட்டர் இயங்கும். சிலவற்றில் ஸ்டாண்டை மடக்க வேண்டும்.

3. "டக் டக் டக்" என விரைவான ஓசை, விளக்கும் மங்குகிறது: பேட்டரி வலுவிழந்துள்ளது, அல்லது முனைகள் தளர்ந்துள்ளன.

4. ஒரே ஒரு "டக்", விளக்கு மங்கவில்லை: ரிலேயோ ஸ்டார்ட்டர் மோட்டாரோ பழுதாகியிருக்கலாம்.

5. இன்ஜின் நன்றாகச் சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை: பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். பெட்ரோலையும் பிளக்கையும் பார்க்க வேண்டும்.

பேட்டரியின் உள்ளே

மோட்டாரின் பேட்டரி பெரும்பாலும் ஈய-அமில வகையைச் சேர்ந்தது. உள்ளே ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறும் சேர்ந்தால் 12.6 வோல்ட். மின்சாரத்தை எடுக்கும்போது தகடுகளின்மேல் ஈய சல்பேட்டு படிகிறது. மீண்டும் மின்னேற்றினால் அது கரைகிறது. தீர்ந்த நிலையிலேயே பல வாரங்கள் கிடந்தால் அப்படிவு கெட்டிப்பட்டுவிடும். அதன்பின் எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய வலு திரும்பாது. நம் நாட்டு வெயிலும் இதை விரைவுபடுத்துகிறது.

பருவ விடுமுறைக்குப் பிறகு வளாகத்தில் பல மோட்டார்கள் கிளம்பாததற்கு இதுவே காரணம். திருட்டைத் தடுக்கும் அலாரம் 10 மில்லியாம்பியர் மட்டுமே எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 3.5 ஆம்பியர்-மணி கொண்ட சிறு பேட்டரியை அது 350 மணி நேரத்தில், அதாவது சுமார் 15 நாளில் காலியாக்கிவிடும். எனவே, விடுமுறைக்கு ஊர் போகுமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

மல்டிமீட்டர் சொல்லும் மூன்று எண்கள்

மலிவான மல்டிமீட்டர் ஒன்றை நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம். அதை 20 வோல்ட் நேர்மின் அளவில் வைத்து மூன்று முறை அளக்க வேண்டும்.

ஓய்வில்: மோட்டார் சில மணி நேரம் நின்ற பிறகு அளந்தால் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை இருக்க வேண்டும். 12.2 என்றால் ஏறத்தாழ பாதிதான் மிச்சம். 12.0க்குக் கீழே போனால் உடனே மின்னேற்ற வேண்டும். முழுதாக மின்னேற்றிய பின்னும் 10.5 அளவிலேயே நின்றால் ஓர் அறை செத்துவிட்டது என்று பொருள். இனி மாற்றத்தான் வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும்போது: பொத்தானை அழுத்தும் கணத்தில் எண் இறங்குவது இயல்பு. ஆனால், 10 வோல்ட்டுக்குக் கீழே வெகுவாக இறங்கினால் பேட்டரிக்குச் சுமை தாங்கும் வலு இல்லை. ஓய்வில் 12.6 காட்டும் பேட்டரிகூட இச்சோதனையில் தோற்பதுண்டு.

ஓடும்போது: இன்ஜினைக் கிளப்பி, வேகத்தைக் கூட்டி அளந்தால் 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். எண் 12லேயே நின்றால் மின்னேற்றம் நடக்கவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. அது பேட்டரியைக் கொதிக்கவைத்துக் கொன்றுவிடும்.

மூன்றாவது எண்ணைத்தான் பலர் அளப்பதில்லை. முதலாண்டுத் தம்பி ஒருவன் நான்கு மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றியிருந்தான். அவன் போன கடையில் இரண்டு முறையும் பேட்டரியை மட்டுமே மாற்றி அனுப்பினார்கள். அவன் அம்மா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர். அந்த இரண்டு பேட்டரியின் விலை அவனுக்குப் பல நாள் சாப்பாட்டுக் காசு. மூன்றாவது முறை மோட்டார் படுத்தபோது என்னிடம் வந்தான். இன்ஜின் ஓடும்போது அளந்தேன். வேகத்தைக் கூட்டியும் எண் 12.3ஐத் தாண்டவில்லை. ரெகுலேட்டருக்குப் போகும் இணைப்பைப் பிரித்துப் பார்த்தால், ஒரு முனை கருகிப் பச்சை பூத்திருந்தது. அந்த முனையை மட்டும் மாற்றினோம், எண் 14.1க்கு ஏறியது. பேட்டரிகள் இரண்டும் நோயின் அறிகுறியே அன்றி நோயன்று. நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்பே மருந்தைத் தேடச் சொன்ன வள்ளுவரின் அறிவுரை மோட்டாருக்கும் பொருந்தத்தான் செய்கிறது.

சுழன்றும் பற்றாவிட்டால்

இன்ஜின் பற்ற பெட்ரோல், காற்று, தீப்பொறி மூன்றும் வேண்டும். தொட்டியில் பெட்ரோல் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது, துடைத்துக் காயவைக்கவும். காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வரவில்லை. கருப்பாகக் கரி படிந்திருந்தால் தேய்த்துச் சுத்தம் செய்யவும். பெருமழைக்குப் பின் பிளக் மூடிக்குள் நீர் புகுந்தாலும் தீப்பொறி வராது. கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

பழைய கார்புரேட்டர் வகை 'காப்சாய்' மோட்டார்கள் பலவற்றைப் பேட்டரி தீர்ந்தாலும் காலால் மிதித்துக் கிளப்பலாம். அவற்றின் தீப்பொறிக்கான மின்சாரம் இன்ஜினின் சுருளிலிருந்து நேரடியாக வருகிறது. எரிபொருளைப் பீய்ச்சும் புதிய வகைகளிலோ பெட்ரோல் பம்புக்கும் கணினிக்கும் பேட்டரி வேண்டும். அது அடியோடு தீர்ந்தால் மிதித்துப் பயனில்லாமல் போகலாம். ஆகவே, புதிய மோட்டார் வைத்திருப்போர் பேட்டரியை இன்னும் கவனமாகப் பேண வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* கழற்றும்போது எதிர்முனை முதலில். பூட்டும்போது நேர்முனை முதலில். எதிர்முனை மோட்டாரின் சட்டத்தோடு இணைந்துள்ளது. வரிசை மாறினால், ஸ்பேனர் சட்டத்தில் பட்டதும் மின்கசிவுப் பொறி பறக்கும்.
* மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அருகில் சிகரெட்டோ நெருப்போ கூடாது. விடுதி அறைக்குள் மின்னேற்றாதீர்கள்.
* மின்னேற்றும் அளவு பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு: 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.5 ஆம்பியர். காருக்கான பெரிய சார்ஜர் வேண்டாம்.
* முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், பேட்டரியைக் கழற்றி வெந்நீரும் பழைய பல் துலக்கியும் கொண்டு சுத்தம் செய்து, காய்ந்தபின் சிறிது கிரீஸ் தடவவும்.
* பியூஸ் எரிந்தால் அதே அளவு பியூஸையே போடவும். வெள்ளித் தாளைச் சுற்றி வைப்பது கம்பிகளை எரித்துவிடும்.

இவற்றைப் படித்துவிட்டு நாளையே அனைவரும் மெக்கானிக் ஆகிவிட வேண்டும் என்பது என் எண்ணமன்று. கடைக்குப் போகும்போது "பேட்டரி மாத்துங்க" என்று சொல்வதற்கும், "ஓடும்போது 12.3தான் காட்டுது, சார்ஜ் ஏறல" என்று சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவதைச் சொல்லும் மாணவனிடம் தேவையற்ற பேட்டரியை யாரும் எளிதில் விற்றுவிட முடியாது. மாணவிகளும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டுகிறேன். இரவு வேலை முடிந்து மோட்டார் நிறுத்துமிடத்தில் தனியே நிற்கும்போது, ஒரு பியூஸை மாற்றத் தெரிந்திருப்பது பெரிய துணை. இருக்கைக்கு அடியில் உபரி பியூஸ் ஒன்றும் பிளக் ஸ்பேனர் ஒன்றும் இன்றே வைத்துக்கொள்ளுங்கள்.