கொழுப்பே இல்லாத ஒரு ஹீரோ: கடல் நீர்நாயில் இருந்து ஒரு கேரக்டர் செய்வது எப்படி?

செமஸ்டர் லீவுல ரோல்-பிளேயிங் கேம் ஆடிப் பாக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கும், ஏற்கனவே ஆடி, "அடுத்த கேரக்டர் என்ன பண்ணலாம்?"னு யோசிக்கிறவங்களுக்கும்தான் இந்தக் கட்டுரை.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நாலஞ்சு பேர் ஒரு மேசையைச் சுத்தி உட்காருவாங்க. ஒருத்தர் கேம் மாஸ்டர். அவர் கதையையும் உலகத்தையும் சொல்லுவார். மத்தவங்க ஆளுக்கு ஒரு கேரக்டர். "நான் கதவை உடைக்கிறேன்"னு நீங்க சொன்னா, உடையுமா உடையாதான்னு 20 முகம் உள்ள ஒரு டைஸ் முடிவு பண்ணும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ரெண்டு பேரும் 1974-ல வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகை ஆட்டங்களுக்கு ஆரம்பம். இந்தக் கட்டுரையில வர்ற எண்கள் எல்லாம் அதோட ஐந்தாம் பதிப்புக் கணக்கு.

இந்த ஆட்டத்துல விலங்கு கேரக்டர்னா நிறைய பேருக்கு ஆசை. ஆனா பெரும்பாலும் என்ன நடக்குது? பூனைன்னா காது, வால், மீன் பிடிக்கும். ஓநாய்னா கோபம், பௌர்ணமி வந்தா ஊளை. ரெண்டு நாள் ஆட்டத்துல அந்த ஜோக் தீர்ந்து போயிடும். அப்புறம் அது வால் ஒட்டின சாதாரண மனுஷன்தான். காரணம் சிம்பிள். நாம விலங்கோட தோற்றத்தை எடுக்கிறோம், அது எப்படிப் பிழைக்குதுங்கிறதை எடுக்கிறதில்ல. ஒரு விலங்கைக் கேரக்டரா மாத்தணும்னா முதல் கேள்வி, "இதுகிட்ட என்ன இல்ல?" என்பதுதான். கடல் நீர்நாயை வெச்சு இதைச் செஞ்சு பாப்போம்.

ஆள் யாரு?

நீர்நாய் நமக்குப் புதுசு இல்ல. சங்கப் பாடல்கள்லயே வருது, காவிரியில இன்னைக்கும் இருக்கு. ஆனா அது ஆத்துல வாழுற ஆளு. கடல் நீர்நாய் வேற இனம். ரஷ்யாவோட குரில் தீவுகள், கம்சாட்காவுல இருந்து அலாஸ்கா வழியா கலிபோர்னியா வரைக்கும், வட பசிபிக் கடலோட குளிர்ந்த கரையோரத்துல வாழுது.

திமிங்கலம், சீல் மாதிரி குளிர்கடல் பாலூட்டிகளுக்குத் தோலுக்குக் கீழ தடிமனான கொழுப்பு அடுக்கு இருக்கும். அதுதான் அவங்க ஸ்வெட்டர். கடல் நீர்நாய்க்கு அந்த அடுக்கே இல்ல. சரி, குளிரை எப்படித் தாங்குது?

முதல் பதில், முடி. ஒரு சதுர சென்டிமீட்டர்ல ஒரு லட்சத்துக்கும் மேல முடி இருக்கும். நம்ம தலை முழுக்கச் சேர்த்தாலே சுமார் ஒரு லட்சம்தான்! அந்த அடர்த்தியான முடிக்குள்ள காத்து சிக்கிக்கிட்டு, தண்ணி தோலைத் தொடாம தடுக்குது. ஆனா முடி அழுக்கானா காத்து நிக்காது, குளிர் உள்ள வந்துடும். அதனால தினமும் மணிக்கணக்கா உடம்பைத் தேய்ச்சு, கோதி, ஊதி சுத்தம் பண்ணிக்கிட்டே இருக்கணும்.

ரெண்டாவது பதில், சாப்பாடு. உடம்புச் சூட்டைத் தக்கவைக்க, தன் எடையில சுமார் கால் பங்கு அளவுக்கு தினமும் சாப்பிடுது. 60 கிலோ எடையுள்ள ஒரு ஹாஸ்டல் மாணவர் இதே கணக்குல சாப்பிட்டா, நாளுக்கு 15 கிலோ. மெஸ் தாங்குமா?

அது சாப்பிடுறதும் சும்மா கிடைக்கிற சாப்பாடு இல்ல. மட்டி, சிப்பி, நண்டு, கடல் முள்ளெலி, இப்படி எல்லாம் ஓடு போட்டதுதான். அதனால கல் தேவைப்படுது. மல்லாக்கப் படுத்து, வயித்து மேல கல்லை வெச்சு, அதுல சிப்பியை அடிச்சு உடைக்கும். முன்னங்காலுக்குக் கீழ, அக்குள் பக்கம், தளர்ந்த தோல் ஒரு பை மாதிரி இருக்கும். இரையையும் கல்லையும் அதுல வெச்சுக்கும். கரையோரப் பாறையிலயே அடிச்சு உடைக்கிறதும் உண்டு. கலிபோர்னியாவுல அப்படி அடிச்சு அடிச்சு பாறையில விழுந்த தேய்மானத்தை ஆய்வாளர்கள் 2019-ல விவரமா பதிவு பண்ணியிருக்காங்க.

பாத்தீங்களா? கொழுப்பு இல்ல, அதனால முடி. முடி இருக்கு, அதனால ஓயாத சுத்தம். முடி மட்டும் போதாது, அதனால ஓயாத பசி. பசிக்கு ஓடு தடை, அதனால கையில கல். நம்ம டிசைன் பாடத்துல கன்ஸ்ட்ரெயின்ட்னு சொல்லுவோமே, அதேதான். ஒரு குறையில இருந்து ஒரு முழு வாழ்க்கை முறையே கிளம்பி வருது. உங்க கேரக்டரும் அப்படித்தான் கிளம்பணும்.

கேரக்டர் ஷீட்டை நிரப்புவோம்

நம்ம கேரக்டருக்குப் பேரு பாசி. அந்தப் பேர்ல இருந்து துணைக்காலை எடுத்தா பசி. ரெண்டும் அவளுக்குப் பொருந்தும்.

ஐந்தாம் பதிப்புல ஆறு திறன்கள். பாயின்ட் பை முறையில உங்களுக்கு 27 புள்ளி கிடைக்கும். எல்லாத் திறனும் 8-ல ஆரம்பிக்கும். 10-க்கு ஏத்த 2 புள்ளி, 14-க்கு 7, அதிகபட்சமான 15-க்கு 9 புள்ளி செலவாகும். பாசிக்கு இப்படிப் பிரிக்கலாம்:

உடல் தாங்கும் திறன் 15. குளிர்கடல்லயே பிறந்து வளர்ந்தவ.

வேகமும் கைத்திறனும் 14. கல்லையும் சிப்பியையும் கையாளுற கை.

உணர்வறிவு 14. கடல் நீர்நாய் இருட்டான தண்ணியிலயும் மீசையாலயும் பாதத்தாலயும் தடவியே இரையைக் கண்டுபிடிக்கும்.

பலம் 10, புத்தி 10.

ஈர்ப்பு 8.

கூட்டிப் பாருங்க: 9, 7, 7, 2, 2, 0. சரியா 27.

"இவ்ளோ க்யூட்டான விலங்குக்கு ஈர்ப்பு வெறும் 8-ஆ?"ன்னு கேப்பீங்க. க்யூட்டுங்கிறது நம்ம கண்ணுல இருக்குற விஷயம். அது ஓடு உடைக்கிற தாடை உள்ள காட்டு விலங்கு. இந்த ஆட்டத்துல ஈர்ப்புன்னா அடுத்தவங்களைப் பேச்சால மாத்துற திறன். கடல் நீர்நாயோட அழகு யாரையும் மாத்தலைன்னு கொஞ்சம் கீழ பாக்கப் போறோம்.

ஒவ்வொரு சக்திக்கும் ஒரு விலை

இனி சிறப்புச் சக்திகள். இதுக்கு ஒரே விதி: சக்தி கொடுத்தா, அது கூடவே வர்ற செலவையும் எழுதணும்.

முடி: பாசிக்குக் குளிரால வர்ற சேதம் பாதிதான். ஆனா சேறோ எண்ணெயோ உடம்புல பட்டா அந்தச் சக்தி போயிடும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து சுத்தம் பண்ணினாதான் திரும்ப வரும். இது கற்பனை இல்ல. 1989 மார்ச்ல எக்ஸான் வால்டீஸ் கப்பல் அலாஸ்காவோட பிரின்ஸ் வில்லியம் சவுண்ட்ல பாறையில மோதி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடல்ல கொட்டுச்சு. எண்ணெய் ஒட்டின முடியில காத்து நிக்காது. ஆயிரக்கணக்கான கடல் நீர்நாய்கள் செத்திருக்கும்னு மதிப்பிடுறாங்க.

பசி: நாளுக்கு ரெண்டு மடங்கு உணவு வேணும். கிடைக்கலைன்னா ஒரு படி சோர்வு. ஆனா இங்க கவனம்! அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை "எனக்குப் பசிக்குது"ன்னு டைஸ் உருட்டினா மத்தவங்களுக்குச் செம கடுப்பாகும். கதையில ஒரு நாளுக்கு ஒரு தடவை பாத்தா போதும். குறை உங்க கேரக்டருக்குத்தான், கூட ஆடுறவங்க நேரத்துக்கு இல்ல.

கல்லும் பையும்: ஒரு சின்னப் பொருளை யாருக்கும் தெரியாம அக்குள்ல ஒளிச்சு வெக்கலாம். சோதனை போட்டாலும் லேசுல சிக்காது. ஆனா அங்க எப்பவும் ஒரு கல் இருக்கணும். அது தொலைஞ்சா, வேற நல்ல கல் கிடைக்கிற வரைக்கும் ஓடு, பூட்டு, கூடு எதையும் உடைக்க முடியாது.

கயிறு: எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். கடல் நீர்நாய் தூங்கும்போது அலை இழுத்துட்டுப் போகாம இருக்க, கெல்ப்ங்கிற நீளமான கடற்பாசியை உடம்புல சுத்திக்கும். அம்மா இரை தேடப் போகும்போது குட்டியையும் சில நேரம் பாசியில சுத்தி விட்டுட்டுப் போகும். குட்டியோட முடி அவ்வளவு மிதக்கும், நினைச்சாலும் முங்க முடியாது. அதனால நம்ம பாசி இடுப்புல ஒரு கயிறு வெச்சிருப்பா. எதையாவது பிடிச்சுக் கட்டினாதான் தூக்கம் வரும். முதல் நாள் ராத்திரி மரத்துல கட்டுவா. பத்தாவது நாள் கூட வர்ற ஒருத்தரோட கைல கட்டுவா. யார் கைல, எப்போ, இதை நீங்க வசனமே பேசாம ஆடிக் காட்டலாம்.

பின்கதை: சுமார் 170 வருஷ வேட்டை

"சின்ன வயசுலயே அப்பா அம்மா இறந்துட்டாங்க"ங்கிற பின்கதையை நாம எல்லாரும் எழுதிட்டோம். கடல் நீர்நாய்க்கு அதைவிடக் கனமான ஒண்ணு வரலாற்றுலயே இருக்கு.

1741-ல விட்டஸ் பெரிங்கோட ரஷ்யப் பயணக் கப்பல் ஒரு தீவுல உடைஞ்சு நின்னுச்சு. பெரிங் அங்கேயே இறந்தார். உயிர் பிழைச்சுத் திரும்பினவங்க கொண்டுபோன கடல் நீர்நாய்த் தோல், ஒரு பெரிய வியாபாரத்தையே தொடங்கி வெச்சுது. குளிர்ல இருந்து காப்பாத்தின அதே முடிதான் அதுக்கு எமனாச்சு. வேட்டைக்கு முன்னால 1,50,000-ல இருந்து 3,00,000 வரை இருந்திருக்கும்னு கணிக்கிறாங்க. 1911-ல அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், பிரிட்டன் நாலு நாடும் ஒப்பந்தம் போட்டு வேட்டையைத் தடுத்தப்போ மிச்சம் இருந்தது 1,000 முதல் 2,000 வரைதான். கலிபோர்னியாவுல முழுசா அழிஞ்சுடுச்சுன்னே நினைச்சாங்க. 1938-ல பிக் சர் கரையில சுமார் 50 இருக்குறது வெளியுலகத்துக்குத் தெரிய வந்துச்சு.

ஆக, பாசியோட பின்கதை இப்படி ஆரம்பிக்கலாம்: "எங்க இனத்துல இன்னும் ஐம்பது பேர் இருக்கோம். நாங்க இருக்கோம்னு யாருக்கும் தெரியக்கூடாது." ஒரு சந்தைக்குள்ள நுழையுறா. கடையில தொங்குற ஒரு கோட்டைப் பாக்குறா. கேம் மாஸ்டர் வேற எதுவும் சொல்லவே வேணாம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. அந்த வேட்டையில படகுல போனவங்க பெரும்பாலும் அலூஷியன் தீவுகளோட பூர்வகுடிகளான உனாங்கன் மக்கள். ரஷ்ய வியாபாரிங்க அவங்க குடும்பத்தாரைப் பிணையா பிடிச்சு வெச்சுக்கிட்டு வேட்டைக்கு அனுப்பினாங்க. அப்போ, பாசியோட சொந்தத்தைக் கொன்னவன் தன் குழந்தையைக் காப்பாத்த அதைச் செஞ்சவனா இருந்தா? இந்தக் கேள்வியை ஆட்டத்துக்குள்ள கொண்டு வாங்க. ஆனா அந்த மக்களோட பேரு, உடை, சடங்கை அலங்காரத்துக்கு எடுக்காதீங்க. இன்னைக்கும் வாழுற ஒரு சமூகம் அது. உங்க கற்பனை உலகத்துக்கு நீங்களே பேர் வெச்சுக்கலாம்.

அவ வந்தா உலகம் மாறணும்

ஜேம்ஸ் எஸ்டிஸ், ஜான் பால்மிசானோ ரெண்டு பேரும் 1974-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அலூஷியன் தீவுகள்ல கடல் நீர்நாய் உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒப்பிட்டாங்க. இருந்த இடத்துல கெல்ப் காடு செழிப்பா இருந்துச்சு. இல்லாத இடத்துல கடல் முள்ளெலி பெருகி, கெல்ப்பை மேய்ஞ்சு தீர்த்திருந்துச்சு. ஒரு விலங்கு முள்ளெலியைத் தின்னுறதால ஒரு காடே நிக்குது.

அதுக்காக எல்லாரும் சந்தோஷப்படல. தென்கிழக்கு அலாஸ்காவுல 1960-கள்ல சுமார் 400 கடல் நீர்நாயைக் கொண்டுவந்து விட்டாங்க. இப்போ அங்க 20,000-க்கு மேல. நண்டையும் கடல் அட்டையையும் நம்பித் தொழில் பண்றவங்களுக்கு இது நேரடி நஷ்டம். காடு திரும்பி வருது, ஒரு குடும்பத்தோட வருமானம் குறையுது. ரெண்டும் உண்மை.

கேம் மாஸ்டருக்கு இதைவிட நல்ல கதை கிடைக்குமா? வில்லனே தேவையில்ல. பாசியோட இனம் ஒரு கரைக்குத் திரும்புது. மீன் பெருகுது. ஆனா நண்டு பிடிக்கிற கிழவி கூடை காலியா நிக்குறா. பாசி என்ன பண்ணுவா? அவளுக்கும் பசிக்குதே!

வேற விலங்குக்கு?

இதே முறை எந்த விலங்குக்கும் ஒத்து வரும். மூணு கேள்வி கேளுங்க. இதுகிட்ட என்ன இல்ல? அந்தக் குறையைச் சமாளிக்க தினமும் என்ன செய்யுது? அப்படிச் செய்யுறதால யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? முதல் கேள்வி திறன்களைத் தரும், ரெண்டாவது பழக்கங்களைத் தரும், மூணாவது கதையைத் தரும். காது, வால் எல்லாம் கடைசியா வரைஞ்சுக்கலாம்.

ஆந்தை, பல்லி, மரங்கொத்தின்னு எதை வேணா எடுத்து ஒரு பக்கத்துல எழுதிப் பாருங்க. எழுதினதை நம்ம இதழுக்கும் அனுப்புங்க. ஸ்டாட்ஸ் கூட்டினா 27 வரணும், மறந்துடாதீங்க!